ரவி வர்மா படத்தோடு கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் பிரேம் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் என்று மூன்றே வகைதான் அந்தக் காலத்தில் வரும். சில ஆண்டுகளாக நான்காவது வகை ஒன்று சேர்ந்திருக்கிறது. பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, ஓவியர் ரவி வர்மாவின் பழைய லட்சுமியையோ சரஸ்வதியையோ வேட்டித் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வருகிறார்கள். மேசையில் வைத்ததும் கேள்விகள் ஆரம்பமாகிவிடுகின்றன. கேட்டதையே கேட்கிறார்கள், நானும் சொன்னதையே சொல்கிறேன். கண்ணாடி அறுக்கும்போது பேச்சுக் கொடுத்தால் கோடு விலகிவிடும். ஆகவே எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள்.

இது ரவி வர்மா தன் கையால் வரைந்ததா?

இல்லை. இதுவரை என் மேசைக்கு வந்த எதுவும் அவர் கைபட்டதில்லை. உங்களிடம் இருப்பது அச்சுப்படம். ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு ஓலியோகிராப் என்று பெயர். முகம் சுருங்க வேண்டாம். அச்சு என்பதற்காக அலட்சியப்படுத்தத் தேவையில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் தீட்டிய ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஓவியக்கூட வளாகத்துக்குப் போங்கள். மதுரையிலிருந்து ராத்திரி ரயிலேறினால் விடியும்போது அங்கே இருக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் சில இருக்கின்றன. பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனைக்காக அவர் வரைந்த புராண ஓவியங்கள் அங்கேயே இருக்கின்றன.

பழைய அச்சா, புது அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பூதக்கண்ணாடி போதும். இப்போதைய ஆப்செட் அச்சில் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும், சின்னச் சின்னப் பூ வடிவில் சேர்ந்திருக்கும். பழையது கல்லச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். அந்தக் கல்லில் கைவேலைக்காரர் புள்ளி வைத்திருப்பார். ஆகவே புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சிதறியிருக்கும். ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் மாற்றி மாற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தாள் இம்மி நகர்ந்தால் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். உங்கள் படத்தில் அப்படி ஒரு விலகல் இருந்தால் வருந்தாதீர்கள், அது வயதுக்குச் சாட்சி.

முடிவில் மேலே வார்னிஷ் பூசி, சிலவற்றுக்குத் துணியின் இழைபோல அழுத்தம் கொடுத்து, எண்ணெய் ஓவியம் என்று கண்ணை ஏமாற்றுவார்கள். கீழ் ஓரத்தில் ரவி வர்மா அச்சகம் என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்து இருக்கும். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஓரம் முழுக்க வெட்டுப்பட்டிருக்கிறதே, யார் செய்த வேலை?

எங்களைப் போன்றவர்கள் செய்த வேலைதான்.

அப்பா காலத்தில் சட்டம் குறிப்பிட்ட அளவுகளில்தான் வரும். படம் பெரிதாக இருந்தால் படத்தை வெட்டுவோம், சட்டத்தை மாற்ற மாட்டோம். ஓரத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து சாமிக்கு எதற்கு என்று நினைத்தோம். அச்சகத்தின் பெயர், படத்தின் எண் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்தன என்பது தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி மைதாப் பசை காய்ச்சும் அடுப்பில் போடுவது என் வேலை. எத்தனை படங்களின் பிறப்புச் சான்றிதழை நான் எரித்திருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்ப்பதில்லை.

ரவி வர்மா மதுரையில் ஓவியம் படித்தவராமே?

இதைக் கேட்கும்போது எல்லோருடைய முகத்திலும் ஓர் ஊர்ப்பெருமை தெரிகிறது. பெருமைக்கு இடம் இருக்கிறது, ஆனால் சுற்றி வர வேண்டும். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் பெயர் பெற்றிருந்த ஓவியர் அழகிரி நாயுடு, அவர் மதுரைக்காரர். கேரளத்துக் கிளிமானூரைச் சேர்ந்த ராஜராஜ வர்மா அவரிடம் படித்தார். இந்த ராஜராஜ வர்மாவின் சகோதரி மகன்தான் நம் ரவி வர்மா, 1848இல் பிறந்தவர். வீட்டுச் சுவரெல்லாம் கரியால் கிறுக்கிய பையனை அடிக்காமல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மாமாதான். ஆக, மதுரையின் தூரிகை மாமா வழியாகக் கிளிமானூருக்குப் போனது. மாமா வழிச் சொத்து மருமகனுக்குச் சேரும் ஊர் அது, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் வண்ணம் சொல்லித்தர மறுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. பதினான்கு வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அழைத்துப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் நிறுத்தினார். அரண்மனையில் அப்போது எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் ராமசாமி நாயக்கர். அவர் பையனின் கையைப் பார்த்தார், வித்தையை மூடிவைத்துக்கொண்டார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் குருவுக்குத் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்கிறார்கள் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரசரின் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தர மாட்டேன் என்றார். அரசர் சொன்னதற்காக, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார்.

நாயக்கரை எல்லோரும் வில்லனாக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் ரகசியத்தில்தான் அவர் சோறு இருந்தது. எங்கள் சந்திலேயே பொற்பூச்சுச் சட்டத்துக்குக் கலவை போடுகிறவர் ஒருவர், நான் உள்ளே நுழைந்தால் கிண்ணத்தைத் துணியால் மூடுகிறார். முப்பது வருடப் பழக்கம் எங்களுக்கு. ஓவியப் பள்ளி, பாடத்திட்டம், சான்றிதழ் எல்லாம் வருவதற்கு முன் கலையுலகத்தின் கதவு என்பது ஒரு மனிதர் கிண்ணத்தின் மேல் போட்ட துணிதான்.

அவர் எந்த நாட்டுக்கு ராஜா?

எந்த நாட்டுக்கும் இல்லை. கோயில் தம்புரான் குடும்பம், அரச வீட்டில் பெண் கொண்டவர்கள். 1904இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் தந்தபோது ராஜா என்று எழுதியது, அது ஒட்டிக்கொண்டது.

அரண்மனையோடு என்ன சண்டை?

1873 அவருக்கு நல்ல ஆண்டு. கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண் ஓவியத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னாவிலும் பரிசு வந்தது. 1876இல் சகுந்தலை கடிதம் எழுதும் ஓவியத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவே வாங்கினார். வெள்ளைக்காரன் மெச்சிய பிறகு ஊரும் மெச்சும், அது அன்றும் அப்படித்தான்.

ஆனால் ஆதரித்த ஆயில்யம் திருநாள் 1880இல் காலமானார். பட்டத்துக்கு வந்த தம்பி விசாகம் திருநாளுக்கும் ஓவியருக்கும் ஒத்துவரவில்லை. அண்ணன் தலையில் வைத்துக் கொண்டாடியவரைத் தம்பி தரையில் நிறுத்துவது அரண்மனை வழக்கம். ரவி வர்மா திருவனந்தபுரத்தை விட்டு வெளியேறினார். அது நல்லதாகப் போயிற்று என்பேன். அதன் பிறகுதான் பரோடா, மைசூர், பம்பாய் என்று ஊர் ஊராகத் திரிந்தார். கூடவே தம்பி சி. ராஜராஜ வர்மா. பின்னணிக் காட்சிகளில் அவர் கையும் இருக்கிறது. அண்ணனோடு சுற்றிய நாட்களைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். அண்ணனுக்குச் சிலை வைத்தவர்கள் தம்பியை மறந்துவிட்டார்கள்.

அரசர்களுக்கு வரைந்தவர் அச்சகம் வைத்தது ஏன்?

பரோடாவில் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ்தான் இந்த யோசனையைக் கடிதத்தில் எழுதினார். ஒரு மனிதர் எத்தனை பேருக்கு வரைந்து கொடுக்க முடியும்? கேட்கிறவர்கள் ஆயிரம் பேர். சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு வரவழைத்தால் என்ன என்பது அவர் கேள்வி. ரவி வர்மா ஒருபடி மேலே போய் இங்கேயே அச்சகம் போட்டார். 1894இல் பம்பாயில், ஜெர்மன் இயந்திரங்களோடும் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களோடும் தொடங்கினார். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு.

பணம் கொட்டியது என்று நினைப்பீர்கள். இல்லை. பம்பாயில் பிளேக் பரவியது, அச்சகத்தை லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கடன் ஏறியது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். 1906இல் ரவி வர்மா இறந்த பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 1972இல் தீவிபத்தில் அந்த அச்சகம் அழிந்தது.

அவ்வளவு புகழ் பெற்றவரை மற்ற கலைஞர்கள் ஏன் திட்டினார்கள்?

உட்கார்ந்து கேளுங்கள், இது நீளம்.

முதலில் பாராட்டியது யார்? ஆங்கிலேயர் நடத்திய கண்காட்சிகள். பிறகு முதல் கல்லை எறிந்தவர்களில் ஒருவர் யார்? அவரும் ஆங்கிலேயர்தான், இ.பி. ஹேவல். சென்னை ஓவியப் பள்ளியில் இருந்துவிட்டு 1896இல் கல்கத்தாப் பள்ளிக்குத் தலைவராகப் போனவர். இந்திய மாணவன் ஐரோப்பிய ஓவியத்தைப் பார்த்து எழுதக்கூடாது, தன் மரபைப் பார்க்க வேண்டும் என்றார். பள்ளிக் காட்சிக்கூடத்தில் இருந்த ஐரோப்பிய ஓவியங்களை அகற்றி முகலாயச் சிற்றோவியங்களை வாங்கி வைத்தார். கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் இந்திய மாணவர்கள்! எண்ணெய் வண்ணம் வேண்டும் என்று இந்தியன் கேட்கிறான், அது உனக்கு ஆகாது என்று வெள்ளைக்காரர் சொல்கிறார். இந்தக் கூத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அடுத்து ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தந்தை ஈழத்துத் தமிழர், தாய் ஆங்கிலப் பெண்மணி. நடராசர் வடிவத்தை உலகத்துக்கு விளக்கிய பெரிய அறிவாளி. அவர் ரவி வர்மாவிடம் கண்டது நாடக மேடைத்தனம், கற்பனை வறட்சி. தெய்வம் தெய்வமாக இல்லை, வேஷம் போட்ட மனிதராக இருக்கிறது என்பது சாரம். சகோதரி நிவேதிதைக்குச் சகுந்தலை தரையில் படுத்துக்கொண்டு தாமரை இலையில் எழுதுவதே பிடிக்கவில்லை, அடக்கமான பெண்ணின் இருப்பு அதுவா என்று கேட்டார். 1905இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை மங்கலான நீர்வண்ணத்தில் வரைந்தார். சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம். தேசத்துக்கு உகந்த ஓவியம் இனி இதுதான் என்று படித்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே ரவி வர்மா கண் மூடினார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

சண்டை அதோடு ஓயவில்லை. 1993இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். ஓவியர் ஏ. ராமச்சந்திரனும் ரூபிகா சாவ்லாவும் முன்னின்று செய்தார்கள். அப்போதும் ஓவியர் ஜே. சுவாமிநாதன் கடுமையாக எதிர்த்தார். செத்து 87 ஆண்டு ஆன மனிதரிடம் இன்னமும் கோபம்! மறந்துபோன ஓவியர்களிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

திட்டியதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. கடைக்காரன் என்பதால் சரக்கை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவருடைய புராண ஓவியங்களில் சில பார்ஸி நாடகத் திரை விலகியதும் நிற்கும் கோலம்தான். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், யாரோ கைதட்டக் காத்திருப்பது போல இருக்கும். குமாரசுவாமி சொன்னதில் பாதிக்கு நான் தலையாட்டுவேன். இன்னொன்றும் உண்டு. அந்த ஒரே சிவந்த, வட்ட முகம் வீடு வீடாகப் போன பிறகு, தெய்வத்துக்கு வேறு முகம் இருக்கலாம் என்பதையே சனங்கள் மறந்துவிட்டார்கள். இதே மதுரையில் புதுமண்டபத்துத் தூண்களில் எத்தனை முகம்! அழகர்கோயில் வசந்த மண்டபத்து நாயக்கர் கால ஓவியங்களில் ராமனும் சீதையும் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். நீண்ட மூக்கு, பக்கவாட்டுப் பார்வை, தட்டையான வண்ணம். அந்தச் சாயலில் ஒரு படம் கொடுத்தால் இன்று பூசையறையில் மாட்ட மாட்டார்கள்.

ஆனால் 'அதோ அப்பா வருகிறார்' என்று 1893இல் ஓர் ஓவியம் செய்தார். குழந்தையை இடுப்பில் வைத்த பெண், அவருடைய சொந்த மகள், வாசல் பக்கம் பார்க்கிறாள். அதில் நாடகம் இல்லை. அந்த ஓவியத்தின் முன்னால் நின்றால் ஹேவலின் வாதம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை.

பெரியவர்களை உண்மையில் உறுத்தியது எண்ணெய் வண்ணமும் அல்ல, மேடைத்தனமும் அல்ல என்பது என் எண்ணம். அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்திருந்தால் பத்தோடு பதினொன்றாக விட்டிருப்பார்கள். அச்சடித்து, சலவைத் தொழிலாளி வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் ஒரே லட்சுமியை அனுப்பியதுதான் குற்றம். ஓவியத்தை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறவர்களைக் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

கோயிலுக்குள் விடப்படாதவர்களுக்கு அவர் சாமியைக் கொடுத்தார் என்கிறார்களே?

அவர் அந்த நோக்கத்தோடு செய்தார் என்று சொல்ல நான் தயங்குவேன். அவர் தொழில் செய்தார். ஆனால் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சகம் தொடங்கியது 1894. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8. நடுவில் 45 ஆண்டுகள். நான்கு கோபுரத்தையும் வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் வீட்டில், யானை மாலை ஏந்தி நிற்க, தாமரைமேல் லட்சுமி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். குருக்கள் இல்லை, திரை இல்லை, தள்ளி நில் என்கிற குரல் இல்லை. அப்பாவிடம் சட்டம் போட வந்த ஒரு முதியவர், உள்ளே போக அனுமதி கிடைத்த பிறகும் வீட்டுப் படத்துக்குத்தான் முதலில் விளக்கு வைப்போம் என்றாராம். அப்பா இதைப் பல தடவை சொல்வார், ஒவ்வொரு தடவையும் அந்த முதியவருக்கு வயது கூடும்.

சிவகாசி காலண்டர் படமும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்று அல்ல. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகள்தான் சிவகாசி அச்சில் நம் சுவர்களுக்கு வந்தன. ரவி வர்மாவின் தெய்வம் ஓர் அறையிலோ ஆற்றங்கரையிலோ நிற்கும், நிழல் விழும். கோவில்பட்டித் தெய்வம் மூலவரைப் போல நேராக, நிறைய நகையோடு, நம்மையே பார்க்கும். எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு நெருக்கம்.

'காலண்டர் படம்' என்பது கலை உலகில் ஒரு வசைச் சொல். அதை நேரில் கேட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் ஓர் ஓவியக் கண்காட்சி நடத்தியவர்கள், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஆறு பழைய படங்களை எங்களிடம் இரவல் கேட்டார்கள். சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்த படங்கள். அந்த ஊர் ஆச்சிமார் கைவேலை. போய்ப் பார்த்தால் கூடத்துக்குள்ளே நவீன ஓவியங்கள், எங்கள் படங்கள் டீ கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 'கைவினை' என்று ஒரு சீட்டோடு. அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்த பிறகு, "உள்ளே தொங்குகிறதுக்கும் சட்டம் நாமதானே போட்டோம்" என்றார்.

38 கோடிக்கு விற்றதாமே, என் படம் என்ன விலைக்குப் போகும்?

2023இல் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது யசோதையும் கிருஷ்ணனும் இருக்கிற அவருடைய எண்ணெய் ஓவியம். உங்களுடையது அச்சுப்படம். கோடியை மறந்துவிட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரியுங்கள். ஓரம் முழுதாக இருந்தால் ஒரு விலை, வெட்டுப்பட்டிருந்தால் ஒரு விலை, ஜரிகை வேலை இருந்தால் வேறு விலை. நான் விலை சொல்வதில்லை. சொன்னால் அண்ணன் தம்பிகள் என் கடையிலேயே சண்டை போடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பேரனுக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க: 1979இல் ரவி வர்மாவின் ஓவியங்களை மத்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. நூறு வயது தாண்டிய அச்சுப்படமானாலும் தொல்லியல் துறையைக் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வார்னிஷ் வெளுத்துவிடும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். செய்துவிட்டு என்னிடம் பிரிக்கக் கொண்டுவராதீர்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மெல்லிய பட்டை வைத்துத் தருகிறேன். பின்னால் இருக்கும் பழைய அட்டை பழுப்பேறி, படத்தையும் பழுப்பாக்கும், அதை மாற்றியாக வேண்டும். அந்தக் கால மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்காமல் விட்டிருந்தால் பூச்சி அரித்திருக்கும். சந்தனம், குங்குமம் வைக்க வேண்டுமென்றால் கண்ணாடிமேல் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. நெற்றியில் நேராக வைத்த குங்குமம் தாளைத் தின்றுவிட்ட லட்சுமிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஓரத்தை வெட்டாமல் சட்டம் போடுவீர்களா?

படத்தின் அளவுக்குச் சட்டம் அறுக்கிறேன். கூலி கொஞ்சம் கூடும். ஒரு வாரம் ஆகும். சித்திரைத் திருவிழா நாட்களில் கொண்டுவந்தால் இரண்டு வாரம். பெரிய படமாக இருந்தால் பைக்கில் கொண்டுவராதீர்கள், ஆட்டோவில் வாருங்கள்.